முள் விழுந்த வண்டி

கருகிய எஞ்சின் எண்ணெயும் ஈரக் களிமண்ணும் கலந்த நாற்றம்தான் எங்கள் வேனின் நாற்றம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் தீ பார்ப்பது அப்பாவின் வேலை. அங்கே மாட்டியிருந்த சூட்டு மீட்டர் என்றைக்கும் சரியாகக் காட்டியதில்லை என்பதால், துளை வழியே தீயின் நிறத்தைப் பார்த்தே 'வேக்காடு' சொல்வார். சரியாகவும் சொல்லித் தொலைப்பார். அந்த ஒரு கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு, உலகத்திலுள்ள மீட்டரெல்லாம் பொய் என்று முடிவுகட்டிய மகா மேதை அவர்.

வேனில் ஆயில் பிரஷர் காட்டும் முள், எஞ்சின் சூடானதும் சரிய ஆரம்பித்தது. "அண்ணே, முள்ளு மேல தப்பு இல்லீங்க, ஆயில் பம்ப்ப கழட்டிப் பாத்துடலாம்" என்று மெக்கானிக் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். அப்பா கேட்பாரா? காயலான் கடையில் வேறொரு மீட்டரை வாங்கிவந்து தானே மாட்டினார். அதிலும் முள் அதே இடத்துக்குச் சரிந்தது. சின்னப் பிள்ளையான எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவோ, "ரெண்டுமே டுபாக்கூரு" என்றார்.

அக்காவுக்குத் திட்டக்குடியில் நர்சிங் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. பஸ்ஸில் போகிறேன் என்று கெஞ்சினாள். "வூட்டுல வண்டி இருக்குது, இவ பஸ்ஸுல போவாளாம்" என்று அவளை வேனில் ஏற்றினார், நானும் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

"அப்பா, நிறுத்துங்கப்பா. முள்ளு கீழ கெடக்குது" என்றாள் அக்கா.

"நான் பாக்காத மீட்டரா? பேசாம வா."

சற்று தூரத்தில் எஞ்சின் கடகடவென்று அடித்து, இறுகி நின்றுபோனது. பின்னால் வந்த பஸ் நிரம்பி வழிந்ததால் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கதவைப் பூட்டியிருந்தார்கள். அக்கா பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலைக்குப் போனாள். இன்றும் அதே வேலைதான். அப்பா ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை, எஞ்சின் கம்பெனிக்காரனைத்தான் திட்டினார்.

இப்போது என் காரில் ஆயில் பிரஷர் காட்ட முள் இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். போன மாதம் கம்மாபுரம் தாண்டியதும் அது எரிந்தது. முன்சீட்டில் இருந்த அப்பா, வயது எழுபத்தெட்டு, அலட்சியமாகச் சொன்னார்: "லைட்டு சும்மா எரியுது, நீ ஓட்டு."

"நிறுத்துடி" என்றாள் பின்னாலிருந்த அக்கா.

நிறுத்தினேன். அவள் இறங்கிவந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்கப்பா. பஸ்ஸுல போலாம்."