சந்தனம் பூசிய லென்ஸ்

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, லீவுக்கு வந்தபோது, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் தன் டெலி லென்ஸை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கறேன்க்கா. பத்திரம்." அந்தப் பத்திரம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. பொங்கல் நெருங்குகிற நேரம் பார்த்து, அதை என் ஃபிலிம் கேமராவில் மாட்டி எடுத்த படமெல்லாம் வெளுத்துப்போய் வந்தது.

முதலில் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஓர் அரிசிப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்து, தூரத்துத் தண்ணீர் டாங்கில் எழுதியிருந்த விளம்பரத்தை எடுத்தேன். பிரிண்ட் வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கை ஆடினால் எழுத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும். இங்கே ஓரம் சரியாகத்தான் இருந்தது. கறுப்புதான் கறுப்பாக இல்லை, சாம்பலாக இருந்தது.

லென்ஸுக்குள் பூஞ்சை என்று முடிவே கட்டிவிட்டேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஊறுகாயே பூத்துப்போகிறது, கண்ணாடி எம்மாத்திரம். தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தபோது, முன்கண்ணாடி முழுக்க எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. கணவரைக் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வெச்சேன். மிக்ஸிக்கு வெச்சேன், ஸ்கூட்டருக்கு வெச்சேன், இதை மட்டும் விடலாமா? அப்புறம் வேட்டியால நல்லாத் தொடச்சுட்டேனே."

"கண்ணாடி மேலயா வெச்சீங்க?"

"அதுதானே நெத்தி மாதிரி முன்னாடி இருக்கு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். அது லென்ஸின் கண்ணாடியே இல்லை. லென்ஸில் கீறல் விழாமலிருக்க அதன்மேல் திருகியிருந்த ஃபில்டர். கழற்றினேன். உள்ளே லென்ஸ் பளிச்சென்று இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு அன்று கேட்காமலே இரண்டாவது காபி கிடைத்தது.

ஃபில்டர் இல்லாமல் எடுத்த அடுத்த ரோலில் கறுப்பு கறுப்பாகவே வந்தது. பொங்கலுக்கு வந்த தம்பியிடம் அந்தப் படத்தையும் லென்ஸையும் ஒன்றாக நீட்டினேன். அவன் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

"இதுலயா எடுத்தே? எனக்கு ஒண்ணுகூட இப்படி வந்ததில்லக்கா. லென்ஸே கோளாறுன்னுதான் உன் தலையில கட்டிட்டுப் போனேன்."

இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று ஆத்திரம் வந்தது. நீட்டிய லென்ஸைத் திரும்ப என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.