கவிழ்த்த படகுக்குள் ஒத்திகை

அக்காவின் தோள் தானாகத் துள்ளும். கண் படபடவென்று அடித்துக்கொள்ளும். நடுநடுவே தொண்டையில் ஒரு கீச்சுச் சத்தம். டீச்சரைக் கேலி செய்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என ஒரு டாக்டர் எழுதித் தந்தால்தான் மறுபடி சேர்ப்பார்களாம். பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பிக் கடலுக்குப் போகிற எனக்கு அது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்.

அடையாற்றில் ஒரு டாக்டரம்மா இந்தத் துள்ளலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். கடிதம் தருகிறேன் என்றவர், கூடவே ஒன்று கேட்டார். துள்ளும் பிள்ளை, துள்ளாத பிள்ளை இரண்டின் மூளையையும் மெஷினில் படம் பிடித்து ஒப்பிட வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது. துள்ளாத பிள்ளை நான். பெரிய குழாய் மாதிரியான அந்த மெஷினுக்குள் இருபது நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும். டமடமவென்று சத்தம் வரும்.

படம் சரியாக விழாவிட்டால் கடிதம் கிடையாது என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார். எங்கள் சாந்தோம் குப்பத்தில் அப்போதுதான் ஃபைபர் படகு வந்திருந்தது. அதைக் கவிழ்த்து, எங்களை ஒவ்வொருவராக அடியில் படுக்கவைத்து, மேலே துடுப்பால் அடித்தார்.

"இன்னா நைனா, புள்ளைங்கள உள்ள வச்சு இன்னா பண்ற?" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த சித்தப்பா.

"மூளைய போட்டோ புடிக்கப் போறாங்க. அதுக்குப் பழக்கறேன்."

"உன் வூட்ல யாருக்கு அது கீது?"

எல்லோருக்கும் கவலை அக்காவைப் பற்றித்தான். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் மறுபக்கம் மணலைத் தோண்டி வெளியேறிக் கடலில் குளித்துக்கொண்டிருப்பேன். அப்பா காலிப் படகை அடித்துக்கொண்டிருப்பார்.

படம் எடுக்கும் நாளில் அக்கா மெஷினுக்குள் மாதா கோயில் சிலைபோலக் கிடந்து எழுந்து வந்தாள். அடுத்து நான். மூக்கு அரித்தது. பிறகு கால். பிறகு யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. மூன்று தடவை எடுத்தும் படம் கலங்கிப்போனது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் சுற்றியாயிற்று. எங்கும் இருபது நிமிஷம் சும்மா கிடந்ததில்லை.

"இதுல யாருக்குத் துள்ளல்?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"பேர மாத்தி எழுதிகினீங்களா பாருங்கம்மா" என்றார் அப்பா.

கடிதம் ஏற்கெனவே உறையில் இருந்தது. நாங்கள் படுப்பதற்கு முன்பே எழுதிவிட்டாராம்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குத் தோள், கண், தொண்டை எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அவ்ளோ நேரம் ஆடாம கெடந்தியே, பள்ளிக்கூடத்துலயும் அப்டியே இருந்தா இன்னா?" என்றேன்.

"நீ பாலம் தாண்டற வரைக்கும் கண்ணச் சிமிட்டாம இரு. பாக்கலாம்டா."

அடையாற்றுப் பாலம் முடிவதற்குள் கண்ணீர் வழிய வழிய மூன்று முறை தோற்றேன். பஸ்ஸே சிரித்தது. கடிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, தோள் துள்ளத் துள்ள அக்காவும் சிரித்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பந்தயம் கட்டி ஏமாற்றிவிட்டாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.