கடலை ஓட்டில் ஒளித்த சுண்ணாம்பு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாடி வீட்டில் குடியிருக்கும் நஸ்ரின் இறங்கி வந்து செல்போனை என் கையில் கொடுத்தாள். கொரியாவிலிருந்து மெயில். அவள் அனுப்பிய முறையில் மூன்று தடவை செய்து பார்த்தார்களாம். தண்ணீரில் ஃப்ளோரைடு குறையவே இல்லையாம். உங்கள் ரிசல்ட் சரிதானா என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால்... காரணம் நான்தான்.

நஸ்ரின் இங்கே ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மில்லில் கொட்டும் வேர்க்கடலை ஓட்டைக் கரியாக்கி, நானோ அளவுக்குப் பொடியாக்குகிறாள். நானோ என்றால்? ஒரு தலைமுடியின் பருமனைப் பல ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! அந்தப் பொடி தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை இழுத்துக்கொள்ளும். அவள் அம்மா ஊரில் குடிதண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. அதனால்தான் இவளுக்கு இந்தப் பிடிவாதம்.

கொரியப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டு ஆராய்ச்சிக்கு அழைத்தது. அவள் முறை அவர்கள் லேபிலும் பலித்தால் நஸ்ரினுக்கு அங்கே ஒரு வருடம் ஆராய்ச்சி வேலை. அவர்கள் மாணவர்கள் இங்கே வந்து படிப்பார்கள்.

பேசி முடிக்க ஒரு பேராசிரியரே வந்தார். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கினார். நம் ஊருக்கு வெளிநாட்டுக்காரர்கள் எதற்கு வருவார்கள்? நிம்மதி தேடி. ஆசிரமத்தில் மலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி உட்காருவார்கள். இவரோ மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார் — நேராக மில்லுக்குப் போய்க் கடலை ஓட்டை முகர்ந்தார். இவரை எப்படி நம்புவது? எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தபோதும் ஓயாத சிரிப்பு. நாளைக்கு நம் கடலை ஓட்டையே டப்பாவில் அடைத்து நமக்கே விற்றால்?

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வத்தக்குழம்புப் பொடிக்குப் பக்குவம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம். தாராளமாகச் சொல்வோம், ஒரு சாமானை மட்டும் விட்டுவிட்டு. கேட்டவர்களும் "உங்க கைமணம் வரலையே"னு வந்து நிற்பார்கள். நமக்கும் பெருமை.

அதையே நஸ்ரினுக்கும் சொன்னேன். ஓட்டை எரிப்பதற்கு முன் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைக்கிறாய் அல்லவா, அந்த ஒரு வரியை எழுதாதே. ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ரொம்பத் தயங்கினாள். கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாள், பாவம்.

லேபில் ஏது கைமணம்? அவள் ரிசல்ட்டையே ஜோடித்துவிட்டாள் என்று நினைக்கிறார்கள்.

"அவங்க திருடிடுவாங்கன்னு பயந்தோம்க்கா. இப்ப நான்தான் ஃபிராடு மாதிரி நிக்கறேன்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்கே உண்மையை எழுதினாள். ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டேன், மன்னியுங்கள் என்று. என் பெயரை இழுக்கவில்லை.

நேற்று பதில் வந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தார்களாம், ஃப்ளோரைடு மளமளவென்று குறைந்துவிட்டதாம். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் நஸ்ரின் கடைசி வரியைக் காட்டினாள். வேறு எதையாவது விட்டிருக்கிறீர்களா? அது தெரிந்த பிறகுதான் உங்கள் பயணத்தை முடிவு செய்வோம்.

இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். உண்மையிலேயே வேறு எதுவும் இல்லை.

நம்புவார்களா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.