பெரியப்பாவின் போர் தண்ணீர்

பெரியப்பா என்றதும் பச்சை ரப்பர் குழாயும் கையுமாக அவர் நின்ற நிற்புதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஊரே காலிக் குடத்தோடு அலைந்த கோடை அது. மழைக்காலம் பொய்த்து, சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் குடியிருப்பின் முன்னால், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்குப் புல் வளர்த்திருந்தார். தினமும் காலையில் வெள்ளை அரைக்கால் சட்டையோடு வந்து அதற்குத் தண்ணீர் பீய்ச்சுவார். யாராவது நின்று பார்த்துவிட்டால் போதும். "மழையே பார்க்காத பாலைவனத்துல பூங்கா போட்டவங்க நாங்க. இங்க தண்ணி இல்லேன்னா அது உங்களுக்குப் புத்தி இல்லாததால" என்பார். வளைகுடா நாட்டில் அவர் பார்த்தது, கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. அந்தத் தண்ணீரை அவர் தொட்டதெல்லாம் குளியலறையில்தான்.

குடியிருப்பு நின்ற மனை எங்கள் குடும்பத்துடையது. கட்டுமானக்காரர் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆளுக்கொரு வீடு கொடுத்தார். பின்பக்கத்துக் கிணற்றை மட்டும் அப்பா மூட விடவில்லை. அதிலிருந்து ஒரு குழாயை மதிலுக்கு வெளியே, சந்துப் பக்கம் இழுத்துவிட்டிருந்தார். சந்தில் இருந்தவை மீன் பிடிக்கிற, மீன் விற்கிற குடும்பங்கள். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மேரி அக்காவும் அங்கேதான். அப்பா இறந்த பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளரான பெரியப்பா முதலில் செய்த காரியம், அந்தக் குழாயை அறுத்து அடைத்தது. மேரி அக்கா கேட் அருகே வந்து நின்றார்.

"இன்னா சார் இது, குடிக்கத்தான கேக்குறோம். கெணத்துல தண்ணி கீதே."

"பாலைவனத்துல போய்ப் பாரு. அங்க ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு" என்றார் பெரியப்பா. அதைச் சொன்னபோதும் அவர் கைக்குழாய் புல்லின் மேல் ஊற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பினார். மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மா மட்டும்தான் வாய் திறந்தாள். "மாமா, கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. ரொம்ப ஆழத்துல உறிஞ்சினா கடல்தான் உள்ள வரும்." பெரியப்பா சிரித்தார். "நீ டம்ளர்ல தண்ணி பார்த்தவ. நான் பாலைவனத்தையே பார்த்தவன்."

தண்ணீர் பொங்கி வந்தது. பெரியப்பா தனக்குத்தானே ஒரு சால்வை வாங்கி, வாட்ச்மேன் கையால் போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். புல்லுக்கும் காருக்கும் மோட்டார் நாள் முழுக்க ஓடியது. கொஞ்ச நாளிலேயே சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை. அவருடைய புல் ஓரத்திலிருந்து கருகியது. அப்பா விட்டுவைத்த கிணற்றிலும் உப்பேறியது. "எல்லாம் அந்தச் சந்துக்காரங்க உறிஞ்சினதால வந்தது" என்று பெரியப்பா அறிவித்தார். குழாயை அறுத்தவர் அவர் என்பதை நினைவுபடுத்த ஒருவரும் இல்லை. படித்தவர்கள் குடியிருந்த கட்டிடம் அது.

அவரை வெறுக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை; வெறுப்பதற்கும் ஆள் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டியிருக்கிறது. இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். கடற்கரையில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து, தண்ணீரை எப்படிச் சேமிப்பது என்று வகுப்பெடுக்கிறாராம். அவர்களும் தலையாட்டுகிறார்களாம். அந்த மகளின் நிச்சயதார்த்தம் நடந்த நாள்தான் எனக்கு இப்போதும் ஆறுதல்.

அன்று காலை சொல்லிவைத்த தண்ணி லாரி வரவில்லை. கேன்காரர் போனையே எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நந்தனம் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. பெரியப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியம்மா பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஆளுக்கொரு குடம் எடுத்து, என்னையும் அழைத்துக்கொண்டு சந்துக்கு நடந்தாள். அங்கே அரசாங்க லாரி நிரப்பிவிட்டுப் போன கருப்புத் தொட்டியின் முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அறுந்த குழாயை அவர்கள் யாரும் மறந்திருக்க நியாயமில்லை. பெரியம்மா தலையைக் குனிந்தபடி கடைசியில் போய் நின்றாள். மேரி அக்கா வந்து அவள் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கினார்.

"விசேஷ வூட்டுக்காரம்மா இங்க நின்னுகினு இருப்பியா? வா முன்னால." நிரப்பிக் கொடுக்கும்போது, "சாராண்ட மட்டும் சொல்லாத. பாலைவனத்துல தண்ணி காட்னவரு, மனசு ஒடஞ்சிடும்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வெயிலில் வந்த தாகத்தில் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "தண்ணி ரொம்ப நல்லா இருக்கே, கேன் தண்ணியா?" என்று கேட்டார்.

நாங்கள் குடத்தோடு படியேறியதை அறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்த பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "கேனா? நம்ம போர் தண்ணிங்க. நானே நின்னு போட்டது. பின்னாடி சந்துல இருக்கிற ஜனங்க இதுக்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டு நின்னாங்க. நான் விடல."

பெரியம்மா எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் போர் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளி டம்ளரில் வழிய வழியக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு உங்களுக்கு. நம்ம போர் தண்ணி. குடிங்க."

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. மகளும் தலை நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா டம்ளரை எடுத்தார். கண்ணில் நீர் கோத்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் விழுங்கினார். கீழே வைத்துவிட்டு, "அமிர்தம்" என்றார்.

"அப்படியா?" என்ற பெரியம்மா, டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.