பூஜையில் இருந்த ஏழாவது சர்வர்

முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கும் வரன் தேடும் கம்பெனியில், தீபலட்சுமிக்கு சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அத்தனை ஜாதகங்களை ஒரு சர்வர் தாங்காது. அதனால் நட்சத்திர வரிசைப்படி பிரித்து, ஒரு சர்வருக்கு மூன்று நட்சத்திரம் என்று ஒன்பதில் வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, ஒன்பதும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் டீயைத் தொடுவாள்.

அதே கம்பெனியில் அவளுடைய ஜாதகத்தையும் பதிந்து வைத்தாள் அம்மா கலைமகள். பொருந்தி வந்த அருள்முருகன் பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரர். ஆயுத பூஜையன்று ராத்திரி பாரிசுக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். தீபலட்சுமிக்கோ ஊரையும் வேலையையும் விட்டுப் போக மனமில்லை. வாய்விட்டுச் சொன்னால் அம்மா அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள்.

ஆயுத பூஜைக்கு முதலாளி ஜானகிராமன் ஊழியர்களின் வீட்டாரையும் அழைத்திருந்தார். தீபாராதனை முடிந்ததும் பொரியை மென்றபடியே கலைமகள் அவரிடம் போனாள்.

"சார், அந்தப் பையன் வீட்டு நம்பரக் குடுங்க. இப்பவே பேசிடறேன்."

ஜானகிராமன் தேடினார். அருள்முருகனைக் காணோம். அவருடைய நட்சத்திரமான உத்திராடத்திலேயே ஒருவரும் இல்லை. பட்டியல் போட்டுப் பார்த்தார். எட்டு சர்வர்தான் வந்தது.

"ஏழாவது எங்கம்மா?"

"பூஜைல இருக்கு சார்."

சாமி படத்தின் கீழே, ஒயர்களைப் பிடுங்கிய ஏழாவது சர்வர் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரத்தோடு உட்கார்ந்திருந்தது.

"பொட்டு வச்சா போதும்னுதானே சொன்னேன்!" என்று அதைத் தூக்கப் போனார்.

"ஐயையோ, கைய எடுங்க சார்!" என்று அலறினாள் கலைமகள். "பூஜைல வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்!"

"ஒங்க பொண்ணு கல்யாண விஷயம்மா..."

"அதுக்கோசரம்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பாரிஸ் விமானம் நினைவுக்கு வந்தது. மகளை முறைத்தாள். மகள் பயபக்தியோடு சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் அடித்தது. ஜானகிராமன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதால் கலைமகளே எடுத்தாள். மகனுடைய போட்டோவைக் காணோம் என்று யாரோ ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள்.

"எங்கயும் போவலம்மா, சாமிகிட்டதான் இருக்கு. நாளைக்கு வந்துடும். பையன் என்ன நட்சத்திரம்? பூராடமா?" கலைமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க வேல? சேதராப்பட்டுலயா? அப்ப உள்ளூர வுட்டு எங்கயும் போவாதா?"

தீபலட்சுமி சுண்டல் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நம்பரச் சொல்லும்மா. பேனா எங்கடி?"

தீபலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேனாவை நீட்டினாள்.