வேன் ஏறிய மலை

என் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். வாரம் முழுக்க மேடு ஏறி இறங்குகிற மனுஷி, லீவு கிடைத்தால் காலை நீட்டிப் படுப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவள் இன்னொரு மலை ஏறக் கிளம்புவாள். நாட்டின் உயர்ந்த மலைகள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அத்தனையையும் நடந்தே ஏறிவிட வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம்.

நான் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். என் மேட்டையெல்லாம் லொறி ஏறிவிடும். "ஏறுனது போதாதா புள்ள?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"வேலைக்கு ஏறுறப்ப கண்ணு கொழுந்துலயே இருக்குங்க. அங்கதான் தலைய நிமித்திப் பாக்க முடியுது" என்றாள்.

அதன் பிறகும் கேலியை விடவில்லை. ஆனால் அடிவாரம்வரை கூடப் போய், தேத்தண்ணிக் கடையில் காத்திருக்கத் தொடங்கினேன். சிவனொளிபாத மலையில் மற்றவர்கள் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்க, இவள் கதை பேசிக்கொண்டே ஏறினாளாம். கிரிகல்பொத்தை மலையிலிருந்து முழங்கால்வரை சேற்றோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது பீதுருதலாகலை. எல்லாவற்றிலும் உயரமானது அதுதான். உச்சிவரை ரோடு போவதால், அதற்கு மட்டும் அவளுடைய அக்காமாரும் வருகிறோம் என்றார்கள். மச்சானின் வேனை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய், வாகனத்தில்தான் போகலாம், நடக்க அனுமதியில்லை என்று சிங்களத்தில் சொன்னார். இவள் இறங்கிப் போய், வேன் பின்னாலேயே வரட்டும், நான் ரோட்டோரமாக நடக்கிறேன் என்று சிங்களத்திலேயே கெஞ்சினாள். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார். அவருக்கு இட்ட கட்டளை அது. திரும்பி வந்து வேனில் உட்கார்ந்தாள்.

மேலே குளிர்காற்று ஆளைத் தள்ளியது. அக்காமார் கைதட்டினார்கள். "எல்லா மலையும் முடிச்சிட்டியே புள்ள!" என்று நானும் கத்தினேன்.

"எங்க முடிச்சேன்? நீங்க ஓட்டுனீங்க, வேன் ஏறுச்சு. நான் ஒக்காந்துல்ல வந்தேன்."

"யாரு கேக்கப்போறா?"

"கேட்டா சொல்லத்தான் போறேன்."

சொன்னபடியே செய்தாள். கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ யாராவது, "எல்லா மலையும் ஏறிட்டியாமே" என்று வியந்தால், "பெருசு ஒன்னு பாக்கி இருக்குங்க" என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். வலிய வந்த பாராட்டை யாராவது வேண்டாம் என்பார்களா?

ஒருநாள் காலை, அவள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்பும்போது கேட்டே விட்டேன். "நடக்க விடவே மாட்டேங்கிறாங்க. அப்பறம் என்னா பாக்கி?"

"விட்டா ஏறுவேன். விடாட்டி பாக்கியாவே இருந்துட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கும் அதே பதில்தான். பெரியது ஒன்று பாக்கி என்று சொல்லும்போது, எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.