படத்தில் இல்லாத ஏழுமலை

ஏழுமலை இறந்த செய்தியைச் சம்பத்துதான் போனில் சொன்னான். "நம்ம ஏழுமலை போயிட்டான்பா. காலையில பால் வாங்கப் போனவன், கடை வாசல்லயே சாஞ்சிட்டானாம்." சொல்லிவிட்டு அழுதான். அழுது முடித்ததும், "உன் போட்டோ ஒண்ணு அனுப்பு, பேனர் அடிக்கணும்" என்றான். நாங்கள் மூவரும் காஞ்சிபுரத்துக்காரர்கள். சென்னையில் ஒரு கம்பெனியின் கூடைப்பந்து அணியில், ஆடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள். சம்பத் இப்போது ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். அஞ்சலி பேனரில் இறந்தவர் படம் பெரிதாகவும், வருந்துகிறவர்கள் படம் கீழே வரிசையாகவும் வருவது நம் ஊர் வழக்கம். கீழ் வரிசைக்குத்தான் கேட்கிறான் என்று எண்ணி, ஒரு இறுதி ஆட்டத்தில் நான் எகிறிப் பந்து போடும் படத்தை அனுப்பினேன். சாவு வீட்டுக்கு இது பொருந்துமா என்று யோசிக்கவில்லை. எனக்குப் பிடித்த படம் அது.

ஏழுமலையோடு ஆடியவர்களுக்கு அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூடை போடுவது என் வேலை. என்னைத் தடுக்க ஒருவன் ஒட்டிக்கொண்டே ஓடி வருவான். ஏழுமலை எங்கிருந்தோ வந்து அவன் வழியில் அசையாமல் நிற்பான். ஓடி வந்தவன் அவன் நெஞ்சில் மோதித் தடுமாறும் அந்த நொடியில் எனக்கு இடம் கிடைக்கும். பந்து கூடைக்குள் போகும். கைதட்டல் எனக்கு வரும். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். ஸ்கோர் எழுதுகிறவர் இதையெல்லாம் எழுதுவதில்லை. உடை மாற்றும்போது பார்த்தால் அவன் மார்பு கன்றிப்போயிருக்கும். "வலிக்குதாடா?" என்று கேட்டால், "நீ போட்டுட்டல்ல, அப்புறம் இன்னா?" என்பான்.

ஒருமுறை கணுக்கால் பிசகி அவன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அதிகம் கூடை போடாத ஒருத்தன்தானே இல்லை என்று நான் தெம்பாகத்தான் இறங்கினேன். பந்தை வாங்கித் திரும்பினால் எதிரே இரண்டு கைகள். எங்கே ஓடினாலும் அதே கைகள். கூடையில் பட்டுத் தெறித்த பந்தைப் பாய்ந்து பிடித்து மறுபடி என்னிடம் தரவும் ஆளில்லை. பாதி ஆட்டத்துக்குள் நான் சம்பத்தை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்துவிட்டேன். ஏழுமலையோ பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, தனக்குப் பதிலாக இறங்கியவனைப் பார்த்து, என்னைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான்: "அவன் பின்னாடியே ஓடாதபா! முன்னாடி போயி நில்லு, அவன் உன்னச் சுத்திக்கினு வருவான்!" தோற்றுப்போனோம். கோச் எல்லோர் முன்னாலும் என்னிடம், "நீ இல்லன்னா பாயிண்ட் கொறையும். அவன் இல்லன்னா டீமே இல்ல" என்றார். ஏழுமலை குறுக்கிட்டு, "சார், அவனுக்கு ரெண்டு நாளா ஜொரம்" என்றான். எனக்கு ஒரு ஜுரமும் இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் அவன் தெருவுக்குள் நுழைந்ததுமே பேனர் தெரிந்தது. அதில் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தது நான். ஏழுமலை மேல் மூலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்தது போன்ற ஒரு சின்ன முகமாக இருந்தான். "இன்னாடா இது?" என்று சம்பத்தைப் பிடித்தேன்.

"அவன் ஆடற போட்டோ ஒண்ணுகூட கெடைக்கலபா. எல்லாத்துலயும் பாதி தோளு, இல்லாட்டி முதுகு. நீ அனுப்புனதுலயும் முதுகக் காட்டிக்கினு நிக்கிறான். செத்தவன அப்படிப் போட முடியுமா? அதான் அந்தப் பக்கத்த வெட்டிட்டேன்."

அந்தப் படத்தில் ஏழுமலை நிற்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படம்.

பேனரைச் சம்பத் வாட்ஸ்அப்பிலும் பரப்பியிருந்தான். தாமலில் இருந்து பைக்கில் வந்த ஒருவர், கையில் ரோஜா மாலையோடு பந்தலுக்குள் வேகமாக வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றார். பிறகு பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சிக்கினு அலறியடிச்சி ஓடியாறேன்ணா. நல்லவேளை, நீங்க இல்ல!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. எதிரே ஐஸ் பெட்டிக்குள் ஏழுமலை படுத்திருந்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கஸ்தூரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். இது அவர் ஒருவரோடு நிற்கவில்லை. பின்னால் வந்த பலரும் அதே நிம்மதியோடு எனக்குக் கை கொடுத்தார்கள். அவன் சாவு வீட்டில், நான் உயிரோடு இருப்பதைக் கொண்டாடினார்கள். கூனிக்குறுகிப் போனேன்.

கஸ்தூரியிடம் போய், "அந்தப் பேனர எடுத்துடச் சொல்றேம்மா. சம்பத் வேற அடிச்சிக் குடுப்பான்" என்றேன்.

"வேணாம்ண்ணா. உங்க படத்தப் பாத்துட்டுதான் இத்தினி ஜனம் வந்துருக்குது. அவரு மூஞ்ச மட்டும் போட்டிருந்தா யாரு வரப்போறாங்க? அவரு இருந்தாலும் உங்களத்தான் பெருசா போடச் சொல்லியிருப்பாரு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வெளியே வந்து ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பேனர் கயிற்றை அவிழ்த்தேன். தெருவில் இருந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். "அண்ணன் மனசப் பாருடா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவனை எடுத்துக்கொண்டு போவதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதிலும் ஏழுமலை இல்லை.

அவனிடம் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். கற்றிருந்தால் அன்றைக்கு அந்த நாற்காலியில் ஏறியிருக்க மாட்டேன். அவன் நினைவாக என்னிடம் இருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான்.